கப் கேடெட் 100: பழுது பார்த்துப் புதுப்பிக்கத் தகுந்த பழைய தோட்ட டிராக்டர்

அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஆலையில் தயாரித்த கப் கேடெட் வரிசையில், 1963 முதல் 1965 வரை வெளிவந்த 100 என்னும் மாதிரியை இங்கே மதிப்பிடுகிறேன். பழைய தோட்ட டிராக்டர் ஒன்றைப் பிரித்துப் பழுது நீக்க விரும்புகிறவர் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் இந்த வண்டியைத்தான் சொல்வேன். அழகுக்காகவோ அரிதாகக் கிடைப்பதாலோ அன்று. இதில் தேயக்கூடிய பாகங்களுள் பெரும்பாலானவற்றைக் கடைந்தோ மாற்றியோ மீண்டும் அளவுக்குக் கொண்டுவர முடியும் என்பதால்தான்.

இதன் எஞ்சின் 10 குதிரைத்திறன் கொண்ட, ஒற்றைச் சிலிண்டர் உள்ள, கோலர் நிறுவனத்தின் கே241. பிளாக் முழுவதும் வார்ப்பிரும்பு. சிலிண்டர் தேய்ந்திருந்தால் 0.010, 0.020, 0.030 அங்குலம் எனப் படிப்படியாக அதன் உட்துளையைக் கடைந்து பெரிதாக்கி (இதுவே போரிங்), அதற்கேற்ற பிஸ்டனையும் ரிங்குகளையும் பொருத்தலாம். கனெக்டிங் ராடு என்னும் தண்டால் பிஸ்டனோடு இணையும் கிராங்க் பின் தேய்ந்திருந்தால் 0.010 அங்குலம் குறைத்துக் கிரைண்டிங் செய்து, அந்த அளவுக்கென்றே வரும் கனெக்டிங் ராடைப் போடலாம். வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வால்வைத் தள்ளும் டேப்பெட்டிலேயே திருகு இருக்கிறது. இதே வரிசையின் சிறிய எஞ்சின்களான கே161, கே181 ஆகியவற்றில் வால்வுத் தண்டின் நுனியைத் தேய்த்துத்தான் அந்த இடைவெளியைப் பெற வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய வசதி என்பது விளங்கும். தீப்பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்ட் பாயின்ட் வெளிப்புறத்திலேயே மூடியின் கீழ் இருப்பதால், ஃபிளைவீலைக் கழற்றாமலே 0.020 அங்குல இடைவெளியை வைத்துவிடலாம்.

குறையும் உண்டு, அது சிறியதன்று. அலுமினியக் கனெக்டிங் ராடு, இடையில் பேரிங் ஏதுமின்றி நேரடியாகக் கிராங்க் பின்னின்மீதே சுழல்கிறது. ஆயில் பம்பும் கிடையாது. ராடின் அடியில் உள்ள சிறு துடுப்பு ஆயிலை வாரி இறைப்பதுதான் உயவுக்கு ஒரே வழி. ஆயில் குறைந்த நிலையிலோ செங்குத்தான சரிவிலோ நெடுநேரம் ஓட்டினால் ராடு இறுகி உடையும்; உடைந்த துண்டு பிளாக்கையே துளைத்துவிடவும் கூடும். ஆகவே ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்பும் ஆயில் மட்டத்தைப் பார்ப்பதைக் கட்டாயமாகக் கொள்ள வேண்டும். பழைய எஞ்சினுக்குப் பதிலாகப் பிற்காலத்து கே241 எஞ்சினைப் பொருத்தியிருக்கும் வண்டிகளில், அதிர்வைக் குறைப்பதற்கான பேலன்ஸ் கியர்கள் உள்ளே இருக்கலாம். அவை உடைந்து எஞ்சினைப் பாழாக்குவது பலரும் கண்ட பழுது என்பதால், பிரிக்கும்போதே அவற்றை எடுத்துவிடுவது நல்லது.

முதல் கப் கேடெட்டில் எஞ்சினுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் இடையே பெல்ட் இருந்தது. 100 மாதிரியில் அதை நீக்கி, ஷாஃப்டைக் கிளட்ச் வழியாக எஞ்சினோடு நேராகவே இணைத்துவிட்டார்கள். இந்த டிராக்டரின் சிறப்புக்குப் பெரும்பங்கு இந்த மாற்றத்துக்கே உரியது என்பது என் கருத்து. ஆனால் கிளட்சைக் கழற்றும் வேலை பொறுமையைச் சோதிக்கும். ஷாஃப்டில் உள்ள பின்கள் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாளே ஊடுருவும் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சரியான அளவுள்ள பஞ்ச் என்னும் இரும்புக் கோலை வைத்து மட்டுமே தட்ட வேண்டும். கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், ஸ்பிரிங் ஆகிய மூன்றையும் ஒரே முறையில் மாற்றிவிட்டால் மீண்டும் பிரிக்கும் செலவு மிச்சமாகும்.

ஃபார்மால் கப் என்னும் பண்ணை டிராக்டரின் வழிவந்த பின்புறக் கியர்பாக்ஸைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. பழைய ஆயிலை வடித்து, நீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து, ஹைட்ரான் (Hy-Tran) என்னும் கியர்பாக்ஸ் ஆயிலை நிரப்பினால் பெரும்பாலும் போதும்.

வாங்குவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஸ்டீயரிங்கின் தளர்வையும் கவனியுங்கள். பளபளக்கும் புதிய மஞ்சள் வண்ணத்துக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தைப் போரிங்குக்கும் கிளட்சுக்கும் ஒதுக்குங்கள்.