பிளேட்லெட் கொடுக்கப் போறீங்களா, அரை நாள் ஒதுக்கிக்கோங்க

கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி, பெயர் வேண்டாம். எங்கள் பங்காளி ஒருவருக்கு கீமோ நடக்கிறது, தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு, அதுதான் பிளேட்லெட்) எண்ணிக்கை விழுந்துவிட்டது, உடனே ஆள் வேண்டும் என்றார்கள். போனில் கேட்டதற்கு "ஒரு மணி நேரந்தானுங்க" என்றதை நம்பி, மத்தியானம் தறிக்குத் திரும்பிவிடலாம் என்று சோமனூரில் பஸ் ஏறினேன். 9 மணிக்கு உள்ளே போனவன் வெளியே வரும்போது மணி ஒன்றரை.

அவர்கள் சொன்ன அந்த ஒரு மணி நேரம் மெஷினில் படுக்கிற நேரம் மட்டும், அதுவும் எனக்கு 75 நிமிஷம் ஆனது. அதற்கு முன்னால் சாம்பிள் எடுத்து, எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கிறதா, ஹீமோகுளோபின் 12.5 வருகிறதா, எச்ஐவி, மஞ்சள் காமாலை எல்லாம் பார்த்து முடிக்கும்வரை நாற்காலிதான் கதி. பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இதைப் போனில் சொல்ல என்ன கேடு? கூட வந்த பையன் முந்தின நாள் தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்தானாம், 3 நாள் கழித்து வா என்று அனுப்பிவிட்டார்கள். அதையும் முன்னாடியே கேட்டிருந்தால் அவனுக்கு பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.

உள்ளே இருந்த நர்ஸம்மாவைக் குறை சொல்லவே முடியாது. ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுற்றுகிறது, தட்டணு தனியாக ஒரு பையில் இளமஞ்சளாக இறங்குகிறது, மிச்ச ரத்தம் அதே கைக்குத் திரும்பி வருகிறது. திரும்பி வரும்போது கை ஜில்லென்று ஆகும். கொஞ்ச நேரத்தில் உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு. ரத்தம் உறையாமல் இருக்கக் கலக்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவதாம். சொன்ன உடனே மெஷின் வேகத்தைக் குறைத்து, சப்பச் சொல்லி கால்சியம் மாத்திரை ஒன்று கொடுத்தார், சரியாகிவிட்டது. வீறாப்புக்காகச் சொல்லாமல் படுத்திருக்காதீர்கள். ஏசி குளிருக்குக் கொடுத்த போர்வை மட்டும் துப்பட்டா கனம்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், படுப்பதற்கு முன் பாத்ரூம் போய்விடுங்கள், நடுவில் எழுந்திருக்க முடியாது. முந்தின ராத்திரி பள்ளிபாளையம் சிக்கன் வேண்டாம், கொழுப்பேறினால் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) பாலாட்டம் கலங்கிவிடும், திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். மெஷினில் மாட்டுகிற குழாய், பை எல்லாம் சேர்ந்த கிட் ஒருவருக்கு ஒருமுறைதான், அதற்கான பில் ஆயிரக்கணக்கில் நோயாளி வீட்டுக்குப் போகிறது, நமக்கு பிஸ்கட்டும் ஜூஸும்.

எடுத்த பை 5 நாள்தான் தாங்கும், அதுவரை தட்டில் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால்தான் முன்கூட்டியே சேர்த்து வைக்காமல் ஆளைத் தேடி அலைகிறார்கள். முழு ரத்தம் மாதிரி 3 மாதம் காத்திருக்கத் தேவையில்லை, 48 மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுக்கலாம். மறுபடி கூப்பிட்டால் நான் போவேன், ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு.

எனக்கு மயக்கமோ அசதியோ ஒன்றும் இல்லை. ஊசி போட்ட கையில் வெயிட் தூக்க வேண்டாம் என்றதால், அன்றைக்குச் சாயங்காலம் பாவு தூக்க மட்டும் தம்பியைக் கூப்பிட்டேன்.