ஏஜென்ட் ஃபில் பண்ண ஃபார்ம படிக்காம ஓடிபி மட்டும் குடுத்துடாதீங்க

அப்பாவுக்கு 2 வருஷமா ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம் ஒரு நாள் கூட தள்ளிப்போகாம கட்டிட்டு வந்தேன், போன மாசம் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் பண்ணிட்டு கிளெய்ம் போட்டா ரிஜெக்ட்னு மெயில் வருது. அதோட விட்டாங்களா, பாலிசியையே கேன்சல் பண்ணிட்டாங்க. காரணம் பிபியாம்.

கல்லுக்கும் பிபிக்கும் என்னங்க சம்பந்தம்னு கஸ்டமர் கேர்ல கத்தினேன். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டர் வந்து என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்னு கேட்டிருக்கார், பக்கத்துல இருந்த அம்மா, பிபிக்கு அம்லோடிபின் 6 வருஷமா போட்டுட்டு இருக்கார்னு சொல்லிருக்காங்க, அது கேஸ் ஷீட்ல ஏறி அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரிலயும் வந்துருச்சு. அம்மா மேல ஒரு தப்பும் இல்ல, அந்த டாக்டர்கிட்ட மறைச்சா உயிருக்கே ஆபத்து. தப்பு நடந்தது பாலிசி எடுத்த அன்னிக்கு.

பிபி இருக்குன்னு ஏஜென்ட்கிட்ட நானே சொன்னேன். "அதெல்லாம் இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதான் சார், போட்டா பிரீமியம் ஏறும், டெஸ்ட் அது இதுன்னு இழுப்பாங்க, நான் பாத்துக்கறேன்"னார். ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி ஓடிபி கேட்டார், நான் மீட்டிங்ல இருந்தேன், நம்பர சொல்லிட்டு வெச்சுட்டேன். அந்த ஓடிபிதான் என் கையெழுத்து. இப்ப பாலிசி பிடிஎஃப் கடைசில இருக்கற ப்ரொபோசல் ஃபார்ம திறந்து பாத்தா சுகர், பிபி, ஆஸ்துமா, தினமும் மாத்திரை எதாவது உண்டான்னு வரிசையா கேட்டிருக்கு, அத்தனைக்கும் இல்ல, இல்ல, இல்ல. கீழ என் பேரு, தேதி, மணி, நிமிஷம். ஏஜென்ட் இப்ப போனே எடுக்கறதில்ல.

தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட போனேன். எந்த நோய்க்கு கிளெய்ம் போடுறோம்ங்கறது இல்லயாம், அந்த விவரம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா பிரீமியத்தையோ கண்டிஷனையோ மாத்திருப்பாங்களாங்கறதுதான் கேள்வியாம். 1766லயே இங்கிலாந்துல மான்ஸ்ஃபீல்டுன்னு ஒரு ஜட்ஜ், ரிஸ்க் பத்தின விவரம் பெரும்பாலும் இன்சூரன்ஸ் எடுக்கறவருக்குத்தான் தெரியும், கம்பெனி அவர நம்பித்தான் அந்த ரிஸ்க்க ஏத்துக்குதுன்னு சொல்லிட்டாராம். ஆனா எதையும் மறைக்கக் கூடாதுங்கற அந்த நேர்மை கம்பெனிக்கும் சேத்துதான்னு அதே தீர்ப்புல இருக்காம். அத வெச்சுதான் ஏஜென்ட் மேல புகார் எழுதிட்டு இருக்கேன். ஆனா அவர் சொன்னதுக்கு என்கிட்ட ஒரு மெசேஜ் கூட இல்ல, எல்லாம் வாய்ப்பேச்சு.

அதனால கேக்கறேன், ஃபார்ம நீங்களே ஃபில் பண்ணுங்க, நேரம் இல்லேன்னா ஃபில் பண்ணத அனுப்பச் சொல்லி வரிக்கு வரி படிச்சுட்டு அப்புறம் ஓடிபி குடுங்க. ஏற்கனவே எடுத்தவங்க இன்னிக்கே அந்த பிடிஎஃப திறந்து பாருங்க, தப்பா இருந்தா கிளெய்ம் வர்றதுக்கு முன்னாடி கம்பெனிக்கு நேரா மெயில் போடுங்க, ஏஜென்ட் வழியா வேணாம். பிரீமியம் ஏறினா ஏறட்டும். புதுசா எடுத்தவங்களுக்கு நிறைய பாலிசில ஃப்ரீ லுக்னு 30 நாள் டைம் இருக்கும், அதுக்குள்ள பிடிக்கலேன்னா திருப்பிக் குடுத்துடலாம். வண்டிக்கும் இதே கததான், சொந்த உபயோகம்னு எடுத்துட்டு டெலிவரிக்கு ஓட்டினா ஆக்ஸிடென்ட் ஆகுற அன்னிக்கு மாட்டிக்குவீங்க.

இப்ப அப்பாவுக்கு வேற கம்பெனில அப்ளை பண்ணிருக்கேன். இதுக்கு முன்னாடி எந்த பாலிசியாவது கேன்சல் ஆச்சான்னு அந்த ஃபார்ம்ல ஒரு கேள்வி. ஆமான்னு நானே போட்டேன். மூணு வாரமாச்சு, இன்னும் பதில் வரல.