விலங்கு ஆரக்கிள் அட்டைகள்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

கிம் கிரான்ஸ் வரைந்த ‘தி வைல்டு அன்நோன் அனிமல் ஸ்பிரிட்’ அட்டைக்கட்டு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. ஆரக்கிள் என்பது மனதில் ஒரு கேள்வியை வைத்து, கட்டைக் குலுக்கி, வரும் அட்டையின் படத்தை வைத்துப் பதில் தேடும் ஒரு வகைக் குறி அட்டை. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குறி பார்க்கும் இன்னொரு வகையான டாரோ என்றால் 78 அட்டைகள், அவற்றுக்கென்று ஒரு வரிசை, மனப்பாடம் செய்ய ஏகப்பட்ட அர்த்தங்கள். ஆரக்கிளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, வரைந்தவர் வைத்ததுதான் கணக்கு. இதில் 63 அட்டைகள். நிலம், நீர், நெருப்பு, காற்று என நான்கு பிரிவுகள் போக, ஆன்மா என்ற ஐந்தாவது பிரிவில் டிராகன், ஃபீனிக்ஸ் போன்ற கற்பனை உயிர்கள். கறுப்பு மைக்கோடுகளுக்கு நடுவே பளிச்சென்று ஒரு நிறம். படங்களுக்காகவே வாங்கலாம்.

கூடவே வரும் கையேடுதான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு விலங்கும் சமநிலையில் இருந்தால் எப்படி, தவறினால் எப்படி, மீண்டும் சமநிலைக்கு வர என்ன செய்யலாம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடும். நல்ல அட்டை, கெட்ட அட்டை என்ற பேச்சே இல்லை.

எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை என்பது வேறு விஷயம். ஒரு நாள் சாயங்காலம் ஆந்தை வந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன்டி, விளக்கு வைக்கிற நேரத்துல ஆந்தையை எடுத்து வச்சிருக்க?” என்றார். “பஞ்சபட்சி சாஸ்திரத்துல வல்லூறு, காகம், கோழி, மயிலோட ஆந்தையும்தானேம்மா இருக்கு?” என்றேன். “அது நேரம் பாக்கறது. இது என்னத்துக்கு?” பதில் சொல்ல முடியவில்லை. வங்காளிகளுக்கு இதே ஆந்தை லட்சுமியின் வாகனம். ஆக, அட்டையில் இருப்பது படம் மட்டும்தான், பாதி அர்த்தம் நாம் வளர்ந்த வீட்டிலிருந்து வருகிறது.

அதனால் இப்போதெல்லாம் கையேட்டைத் திறப்பதற்கு முன்பே, படம் பார்த்ததும் தோன்றுவதை நோட்டில் எழுதிவிடுகிறேன். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணவிவரத்தைக் கொடுத்து, இது உனக்காகவே எழுதியது என்றார். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26! கையேட்டை முதலில் படித்தால் எனக்கும் அப்படித்தான் புல்லரிக்கும்.

அப்புறம், கேள்வி. ‘வேலையை விடலாமா?’ என்று கேட்டு முதலை வந்தால், முதலையை வைத்துக்கொண்டு ராஜினாமா எழுத முடியாது. ‘இந்த வேலையில் என்னை எது அரிக்கிறது?’ என்று மாற்றிக் கேட்டேன். யானை வந்தது. நோட்டில் நான் எழுதிய முதல் வரி: ‘யானை மறக்காது’. எழுதிய கையோடு, முந்தைய அப்ரைசலில் மேலதிகாரி நாலு பேர் முன்னால் சொன்ன ஒரு சொல் நினைவுக்கு வந்துவிட்டது. வேலை மேல் கோபம் இல்லை, அந்தச் சொல் மேல்தான். வேறு டீம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அட்டை எதிர்காலத்தைச் சொன்னதா என்றால், இல்லை. யோசிக்க உட்கார வைத்தது.

குறைகள்? இந்த மாதிரிக் கட்டுகள் பலவற்றை வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஞானம் என்று விற்கிறார்கள். அங்கே பல பழங்குடிகளிடம் ஒரு விலங்கைக் குலச்சின்னமாகக் கொள்வது உறவுமுறையோடு வருவது, குலுக்கி எடுப்பதில்லை. அந்த விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம். ஆன்லைனில் போலிகளும் அதிகம்: மெல்லிய அட்டை, மங்கிய அச்சு, கையேட்டுக்குப் பதில் ஒரு க்யூஆர் கோடு. கையேடு இல்லாமல் இந்தக் கட்டு பாதிதான், விலை குறைவென்று போய்விடாதீர்கள்.

உடல்நலம், பணம், கோர்ட் கேஸ் இவற்றுக்கு நான் அட்டை எடுப்பதில்லை. பிடித்தது வரும்வரை ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப எடுப்பதும் இல்லை. மனது ரொம்பக் கலங்கியிருக்கும் நாட்களில் பெட்டியையே திறப்பதில்லை, அன்றைக்கு எந்த விலங்கு வந்தாலும் பயமுறுத்தத்தான் செய்யும்.