ஃபேனக் 0-எம்முக்கு ஒரு யூஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டர்: வாங்கலாம், கூட வரும் கேபிளை மட்டும் நம்பாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கன்வர்ட்டர் அருமை, அதோடு பெட்டிக்குள் வந்த கேபிளும் கையேடும் தண்டம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

பழைய சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) மில்லிங் மெஷின் வாங்குகிறவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம்தான் இது. இரும்பு நன்றாக இருக்கும், பால் ஸ்குரூவில் ஆட்டம் இருக்காது, ஸ்பிண்டில் சத்தமில்லாமல் சுற்றும், ஆனால் மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர் பழைய ஃபேனக் 0-எம், வெளியே இருந்து புரொகிராம் உள்ளே போக இருப்பது ஒரே ஒரு 25 பின் ஆர்எஸ்-232 (பழைய சீரியல் போர்ட்) கனெக்டர். உடனே 'அதைக் கழற்றி எறிந்துவிட்டு லினக்ஸ்சிஎன்சி (கம்ப்யூட்டரையே கன்ட்ரோலராக்கும் இலவச மென்பொருள்) போடு' என்று சொல்ல நிறைய ஆள் உண்டு. லினக்ஸ்சிஎன்சி மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை, ஆனால் 0-எம்மில் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவுக்குப் போவது பழைய அனலாக் வோல்டேஜ் இல்லை, ஆக்சிஸ் கார்டிலிருந்து நேராகப் போகும் பிடபிள்யூஎம் (துடிப்பு அகலத்தை மாற்றும்) சிக்னல். கன்ட்ரோலரைக் கழற்றினால் டிரைவையும் கழற்ற வேண்டும், டிரைவை மாற்றினால் மோட்டாரில் இருக்கும் என்கோடர் (சுற்றும் நிலையை அளப்பது) ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும், அப்புறம் டூல் சேஞ்சர் லாஜிக்கை முதலிலிருந்து எழுத வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கன்ட்ரோலருக்கு ஒரு நல்ல கன்வர்ட்டரும் ஒழுங்கான கேபிளும் போதும் என்பது என் கட்சி.

நான் வாங்கியது எஃப்டிடிஐ-யின் எஃப்டி232ஆர் சிப் வைத்த, ஆப்டோ ஐசொலேஷன் (இரு பக்கத்தையும் மின்சாரத் தொடர்பில்லாமல் ஒளியால் இணைப்பது) உள்ள கன்வர்ட்டர். ஐசொலேஷன் ஆடம்பரம் இல்லை. மெஷின் கேபினட்டின் எர்த்தும் கம்ப்யூட்டரின் எர்த்தும் ஒரே அளவில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, வித்தியாசம் இருந்தால் முதலில் போவது சீரியல் போர்ட்தான். சிப் விஷயம் அதைவிட முக்கியம். இதற்கு முன் ஒரு மலிவான அடாப்டர் வைத்திருந்தேன், சின்ன புரொகிராம் எல்லாம் ஒழுங்காகப் போகும், கொஞ்சம் நீளமானால் அலாரம் 087, அதாவது பஃபர் ஓவர்ஃப்ளோ. காரணம் இதுதான்: 0-எம் தன் பஃபர் நிறையப் போகும்போது 'நிறுத்து' என்று டிசி3 என்ற எழுத்தை அனுப்பும், அதற்குப் பிறகு சுமார் பத்து எழுத்து வரைதான் பொறுத்துக்கொள்ளும். அந்த எழுத்து யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போய், டிரைவர் அதைப் படித்து, அனுப்புவதை நிறுத்துவதற்குள் அடாப்டரின் வயிற்றில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் மெஷினுக்குள் கொட்டிவிடும். எஃப்டி232ஆர் இந்த எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் ('அனுப்பு', 'நிறுத்து') வேலையை சிப்புக்குள்ளேயே பார்த்துக்கொள்கிறது, அதற்கென்று ஒரு பஃபர் இருந்தும் சொன்ன இடத்தில் நிற்கிறது. இதை மாட்டியதிலிருந்து 087-ஐ நான் பார்க்கவே இல்லை.

சரி, கேபிளுக்கு வருவோம். பெட்டிக்குள் இருந்தது 25 பின்னும் நேருக்கு நேர் போட்ட கேபிள், கூடவே 9 பின்னுக்கு மாற்றும் ஒரு துண்டு. இதை மெஷினில் மாட்டாதீர்கள். ஃபேனக்கின் அந்த 25 பின் கனெக்டரில் 25-வது பின்னில் 24 வோல்ட் இருக்கிறது, அந்தக் காலத்து டேப் ரீடருக்குக் கொடுத்தது. எல்லாப் பின்னையும் இணைத்த கேபிள் அதைக் கேட்காத இடத்துக்குக் கொண்டுபோக வாய்ப்பு உண்டு. சொந்தமாகச் சாலிடர் செய்வதே மேல், மூன்றே ஒயர்தான்: மெஷின் பக்கம் 2, 3, 7, கம்ப்யூட்டர் பக்கம் 9 பின்னில் 2, 3, 5, அதே வரிசையில். மெஷின் பக்கம் 4-ஐயும் 5-ஐயும் சேர்த்து ஒரு ஜம்பர், 6, 8, 20 மூன்றையும் சேர்த்து இன்னொன்று. 9 பின் பக்கம் 7, 8 ஒன்று, 1, 4, 6 ஒன்று. ஷீல்டு உள்ள ஒயர் போடுங்கள், மெஷின் ஓடும்போது பிடுங்கி மாட்டாதீர்கள்.

செட்டிங் சுலபம், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்: 4800 பாட் (நொடிக்கு இத்தனை பிட்), 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட். 552-வது பாராமீட்டரில் (கன்ட்ரோலருக்குள் இருக்கும் செட்டிங் எண்) 10 இருந்தால் 4800, 11 இருந்தால் 9600. எடிட் மோடில் ஓ நம்பரை (புரொகிராம் எண்) அடித்து இன்புட்டை அழுத்தினால் திரையின் கீழே 'எல்எஸ்கே' என்று மினுக்கும், அது மெஷின் காத்திருக்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பியதும் அது மாறி 'இன்புட்' மினுக்க ஆரம்பிக்கும். எல்எஸ்கே மாறவே இல்லை என்றால் ஒயரைப் பாருங்கள், மாறிய உடனே அலாரம் 085 வந்தால் பாரிட்டியையும் பாட் ரேட்டையும் பாருங்கள், 086 (எதிர்முனை தயாராக இல்லை) என்றால் 6, 8, 20 ஜம்பர். புரொகிராமை மாற்ற விடாமல் பூட்டும் புரொகிராம் புரொடெக்ட் சாவியைத் திருப்பாமல் கேபிளைத் திட்டுகிறவர்களும் உண்டு.

முதல் வேலையாகப் பாராமீட்டரை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி செத்தால் எல்லாம் அழிந்துவிடும், பேட்டரியை மாற்றுவதும் பவர் ஆன் நிலையில்தான்.

மென்பொருள் பக்கம், வரைந்து வெட்டும் பாதை போடுகிற ஃபியூஷனின் பொதுவான ஃபேனக் போஸ்ட் (அந்தப் பாதையை மெஷினுக்குப் புரியும் புரொகிராமாக மாற்றும் கோப்பு) கிட்டத்தட்ட அப்படியே ஓடுகிறது. மெமரி 40 மீட்டர் டேப் (அந்தக் காலத்துத் துளைநாடாக் கணக்கு) என்று போட்டிருந்தால் அது சுமார் 16 கிலோபைட்தான், அதனால் வரிசை எண்ணையும் சொற்களுக்கு இடையிலான இடைவெளியையும் போஸ்ட்டில் அணைத்துவிடுங்கள், கோப்பு நன்றாகவே இளைக்கும். ஹெலிகல் (திருகுசுருள் பாதையில் நகரும்) ஆப்ஷன் இல்லாத மெஷின் என்றால் அந்த நகர்வை அனுமதிக்கும் வரியையும் மாற்ற வேண்டும், போஸ்ட் கோப்பு ஜாவாஸ்கிரிப்ட்தான், திறந்து பார்த்தால் புரியும். ஃபியூஷனின் இலவசப் பதிப்பில் 2020-லிருந்து ரேப்பிட் நகர்வும் தானாக டூல் மாற்றுவதும் கிடையாது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கன்வர்ட்டராலும் முடியாத ஒன்றும் இருக்கிறது. 4800 பாடில் ஒரு எழுத்துக்கு 11 பிட், நொடிக்கு சுமார் 436 எழுத்து. வரிக்கு 20 எழுத்து என்றால் நொடிக்கு 22 வரிக்கும் குறைவு. 0.1 மி.மீ. துண்டுகளாக வெட்டிய 3டி ஃபினிஷிங்கை டிரிப் ஃபீடில் (மெமரியில் ஏற்றாமல் கம்ப்யூட்டரிலிருந்து வரி வரியாக அனுப்பிக்கொண்டே) ஓட்டினால் நிமிடத்துக்கு 130 மி.மீ. தான் கிடைக்கும், நீங்கள் ஃபீடு எவ்வளவு போட்டாலும் சரி, மெஷின் திக்கித் திக்கித்தான் போகும். 9600 வைத்தால் இரண்டு மடங்கு, ஸ்மூத்திங்கைப் போட்டு நேர்கோடுகளை வில்லாக மாற்றினால் இன்னும் கொஞ்சம். தினமும் மோல்டு வேலை செய்கிறவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம். பாக்கெட், துளை, சுற்று வெட்டு என்று ஓடுகிற கடைக்கு இது தாராளம்.

கையேட்டில் ஒரு வரிகூட இல்லாத இன்னொன்று, விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கும் வசதி. நாம் ஜம்பர் போட்டிருப்பதால் கம்ப்யூட்டர் போனது மெஷினுக்குத் தெரியாது, 086 வராது, அடுத்த வரிக்காக அப்படியே நிற்கும், கட்டர் மட்டும் ஒரே இடத்தில் சுற்றித் தேய்த்துக்கொண்டிருக்கும். பவர் ஆப்ஷனில் போய் அதை அணைத்துவிட்டு அப்புறம் டிரிப் ஃபீடைத் தொடுங்கள்.