புறக்கோட்டையில் "நள்ளிரவில் அணையும்" போட்டோசெல் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

தெருவிளக்கின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் போட்டோசெல்களைப் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். இருட்டினால் விளக்கைப் போட்டு, விடிந்தால் அணைக்கிற சாமான் அது. அதில் ஒரு வகை மட்டும் என்னிடம் இல்லாமலே இருந்தது. பொழுதுபட்டதும் விளக்கைப் போட்டு, நள்ளிரவோடு தானாக அணைத்துவிடும் மின்சேமிப்பு வகை. 2022 மார்ச்சில் 13 மணிநேர மின்வெட்டு வந்து தெருவிளக்குகளையும் அணைக்கச் சொன்ன நாட்களில்தான் அந்த வகைமேல் எனக்கு ஆசை வந்தது. இங்கிலாந்தில் பல உள்ளூராட்சி சபைகள் அதைத்தான் பாவிக்கின்றன.

போன மாதம் புறக்கோட்டையில் பழைய மின்சாமான் விற்கும் ஒரு கடையில் அது இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சாம்பல் நிற மூடி, கீழே மூன்று பித்தளைக் கால்கள், பக்கத்தில் "நள்ளிரவு டைமர்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்த நீல ஒட்டுச்சீட்டு. விலை 6,500 ரூபா. கடைக்காரர் ஒரு பல்பை மாட்டி, போட்டோசெல்லைக் கறுப்புத் துணியால் மூடினார். அரை நிமிடம் கழித்துப் பல்பு எரிந்தது.

"பார்த்தீங்களா தம்பி, டக்கென்று எரியவில்லை. உள்ளே டைமர் இருக்கு. ஆனா நள்ளிரவு எப்ப என்று படிக்க மூன்று இரவு எடுக்கும். வீட்டில போட்டுப் பாருங்க."

இந்தப் பேச்சில்தான் ஏமாந்தேன். உண்மையான நள்ளிரவு வகைக்கு அப்படிச் சில இரவுகள் தேவைதான். எப்போது இருட்டுகிறது, எப்போது விடிகிறது என்று அளந்து, இரண்டுக்கும் நடுவை நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். ஆகவே அவர் சொன்னதில் பாதி சரி. அந்த அரை நிமிடத் தாமதம் மட்டும் டைமரே அல்ல. பழைய வெப்ப வகைப் போட்டோசெல் எல்லாவற்றுக்கும் அது உண்டு. வெளிச்சம் படும்போது உள்ளே ஒரு சிறு சூடாக்கி இரட்டை உலோகத் தகட்டை வளைத்து இணைப்பைப் பிரிக்கும். இருட்டினால் தகடு ஆறி நிமிர நேரமெடுக்கும். கார் வெளிச்சத்துக்கும் மின்னலுக்கும் விளக்கு அணைந்து அணைந்து எரியாமல் இருப்பது அதனால்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், தேடிய பொருள் கையில் கிடைத்த சந்தோஷத்தில் யோசிக்கவில்லை. திறந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, சீல் உடைந்தால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார். பில்லில் இரண்டு நாளுக்குள் மட்டுமே மாற்றலாம் என்று எழுதியிருந்தது. படிக்க மூன்று இரவு, மாற்ற இரண்டு நாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பல்கனியில் மாட்டினேன். இரவு முழுக்க எரிந்தது. இன்னும் படிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை அணைந்தது. பத்து மணியளவில் அம்மாதான், "என்னடா கருகிற மணம்?" என்று ஓடி வந்தார். மூடி இளகிப் பக்கம் சரிந்திருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றினேன். நீலச் சீட்டின் ஓரம் கிளம்பியிருந்தது, அதன் அடியில் பழைய எழுத்து: 120 வோல்ட். நம் நாட்டு மின்சாரம் 230. அந்தச் சூடாக்கிக்கு ஏற்கக்கூடியதைவிட மூன்றரை மடங்குக்கு மேல் சூடு ஏறியிருக்கிறது. கடையில் கொஞ்ச நேரம் காட்டியதால் தெரியவில்லை, பகல் வெளிச்சத்தில் மணிக்கணக்காக நின்றபோது கருகிவிட்டது. வீட்டில் ஆளில்லாத நேரமாக இருந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

உள்ளே ஒளியுணர் வில்லை, சூடாக்கி, தகடு, இவ்வளவுதான். நேரத்தை அளக்க ஒரு சிப்பும் இல்லை.

திருப்பிக் கொண்டுபோனேன். "கழற்றினதை எடுக்க மாட்டோம்" என்று முகம் பார்க்காமலே சொன்னார். சீட்டைப் பற்றிக் கேட்டதற்கு, வந்தது அப்படித்தான் என்றார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். பில்லை எறிந்துவிடாதீர்கள்.

இந்த வகையை யாராவது காட்டினால் முதலில் ஒட்டுச்சீட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். மூடியில் அச்சாகப் பதிந்திருக்கும் வோல்ட் அளவை மட்டும் நம்புங்கள். துணி மூடிக் காட்டுவது இருட்டில் எரியும் என்பதை மட்டுமே காட்டும், நள்ளிரவில் அணையும் என்பதைக் காட்டாது. ஒரு வாரம் மாற்றும் தவணையைப் பில்லில் எழுதித் தராவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள். நான் திரும்பி வரும்போது அதே நீலச் சீட்டுடன் இன்னும் ஏழெட்டு அந்த அலமாரியில் இருந்தன.