முதியோர் இல்லப் பணியாளர்களுக்கு ஒருநாள் ‘விழாமல் காத்தல்’ பயிற்சி, கிருஷ்ணகிரி: எப்படி இருக்கிறது?

காலை வகுப்புக்கு இரண்டு நட்சத்திரம்தான். மதியச் செய்முறைக்கு ஐந்தும் தரலாம்.

விழுந்தவரை அக்குளில் கைகொடுத்துச் சட்டென்று தூக்கிவிடுவது ஆயாம்மாக்களுக்குக் கை தானாகச் செய்யும் வேலை. செய்முறை முதலில் அதைத்தான் உடைக்கிறது. தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். கழுத்து வலி, மரமரப்பு, பேச்சுக் குழறல் உண்டா என்று பார்க்க வேண்டும். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவு என்றே எண்ணி 108ஐ அழைக்க வேண்டும். வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை) சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், வீக்கமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். யாரும் பார்க்காமல் விழுந்தவருக்கும் தலையில் அடிபட்டதாகவே கணக்கு: முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கொரு தடவை, அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கொரு தடவை நினைவு, நாடி, பிரஷர் பார்த்து எழுத வேண்டும்.

அடிபடாதவரை எழுப்ப இரண்டு நாற்காலி முறை. ஒருக்களித்து, மண்டியிட்டு, முன் நாற்காலியில் கையூன்றி, ஒரு காலை முன்வைத்து எழும்போது பின்னால் இன்னொரு நாற்காலி வரும். நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். ஆனால் முட்டி மடங்காதவருக்கு? தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் எலும்பையும் மூட்டையும் விறைக்கவைக்கும் ஃபுளோரைடு இருப்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் தண்ணீர் 2013இல்தான் வந்தது. அதற்கு முன்பே எலும்பில் ஏறியது இறங்காது. முதுகும் கழுத்தும் விறைத்தவர் குனிந்து தரையைப் பார்க்க முடியாது, நிலைப்படி தட்டித்தான் விழுவார். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

காலை வகுப்பின் படங்களில் வருவதெல்லாம் வெளிநாட்டுக் குளியலறை. நம்மிடம் வழுக்குவது சோப்புத் தண்ணீர் தேங்கும் மூலை, தேய்ந்த ரப்பர் செருப்பு, காலில் சிக்கும் புடவைக் கரை. கட்டில் கம்பியைத் தாண்டி ஏறி விழுந்தால் உயரம் கூடி அடியும் பலமாகும் என்றது மட்டும் உருப்படியான செய்தி. படுத்த நிலையில் ஒரு தடவை, எழுந்து நின்ற 1ஆம், 3ஆம் நிமிடங்களில் ஒவ்வொரு தடவை பிரஷர் பார்ப்பதை ஐந்தே நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். நின்றதும் மேல் அளவு 20 குறைந்தால் தலைசுற்றி விழலாம்; டாக்டரிடம் சொல்லி மாத்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அரை நாள் ஒதுக்க வேண்டிய பாடம் இது.

ஆள் அனுப்புவதானால் இரவு ஷிஃப்ட்காரர்களை முதலில் அனுப்புங்கள். இருட்டில் கக்கூஸுக்கு எழுந்து விழுகிறவர்கள் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறார்கள்.