மட்டக்களப்பில் டபுள் கெப்பின் பின்பக்கம் செய்வித்த கதை

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து வீட்டு வாகனத்தைத் திருத்தக் கொடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மச்சானுடையது பழைய ஹைலக்ஸ் டபுள் கெப். படுவான்கரையில் வயல், அறுவடை நேரத்தில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு கிறவல் ரோட்டில் ஓடுவதுதான் அதன் வேலை. வெறும் வண்டியாக நின்றாலே பின்பக்கம் இடதுபுறம் சரிந்திருந்தது, பள்ளத்தில் இறங்கினால் டொக் டொக்கென்று சத்தம்.

முதலில் போன கராஜில் அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை அடுக்கில் இரண்டு பக்கமும் பட்டை ஒன்று கூட்டினால் சரி என்றார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. பட்டை கூட்டினால் வண்டி உயரும், ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமலே போகும். அதைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. இந்த மாதிரி வாகனங்கள் பலவற்றில் பின் அச்சோடு கம்பியால் தொடுத்த ஒரு பிரேக் வால்வு உண்டு, பாரம் ஏறிப் பின்பக்கம் தாழும்போது அது பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வண்டியை உயர்த்திவிட்டு வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், மூட்டை ஏற்றிய பிறகும் வெறும் வண்டிக்குரிய அழுத்தம்தான் போகும். பாரத்தோடு ஓடுகிற வண்டிக்கு இது விளையாட்டு இல்லை.

அப்புறம் களுவாஞ்சிகுடிப் பக்கம் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனோம். மனுசன் அவசரப்படவே இல்லை. முதலில் ரயர் காற்றைப் பார்த்தார், சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தார், மூலையை அமத்திவிட்டு எத்தனை தரம் ஆடுகிறது என்று பார்த்தார். வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷொக்கில் இடதுபக்கத்தது எண்ணெய் கசிந்திருந்தது. ஸ்பிரிங்கின் நுனியை வண்டிச் சட்டத்தோடு தொடுக்கும் செக்கிளை அலவாங்கால் கிளப்பினால், அதற்குள் இருக்கும் புஷ் றப்பர் தின்றுபோய் இரும்போடு இரும்பு முட்டியது, அந்த டொக் சத்தம் அதுதான். சேற்றைக் கழுவி வயர் பிரஷால் தேய்த்தபிறகுதான் பட்டைகளை நடுவில் ஊடுருவிப் பிடிக்கும் சென்டர் போல்ட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது பட்டை வெடித்திருந்தது தெரிந்தது.

"தம்பி, யூ போல்ட் இளகிக் கிடந்திருக்கு, அதாலதான் பட்டை வெடிச்சது" என்றார். அதுதான் உண்மையும். யூ போல்ட்தான் பட்டை அடுக்கை அச்சோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பது. யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை பட்டைகளின் நடுப்பகுதி அசையாது, இளகினால் வளைவு முழுவதும் சென்டர் போல்ட் துளையில் வந்து விழும், பட்டை அங்கேயே உடையும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சென்டர் போல்ட்டும் வெட்டுப்பட்டு, அச்சு இடம் மாறி, வண்டி கோணலாகத்தான் ஓடியிருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் திரும்பவும் சரியும் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் ஸ்பிரிங் செட் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தோம், அதற்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. ஷொக் இரண்டு, புஷ் முழுவதும், யூ போல்ட் புதிது. பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவே மாட்டேன் என்றார், அது ஒருமுறை இழுபட்டால் பிறகு பிடி நிற்காது. வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கி, அது தன் காலில் நின்ற பிறகுதான் புஷ் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்கினார். தூக்கி வைத்தபடி இறுக்கினால் றப்பர் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும்.

நீங்கள் செய்வித்தால் புது யூ போல்ட் போடுவதையும் இந்தக் கடைசி இறுக்கையும் பக்கத்தில் நின்று பாருங்கள், பழைய சாமான்களையும் கேட்டு வாங்குங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டைத் திரும்ப இறுக்க வேண்டும், புதுப் பட்டைகள் படிந்து கொஞ்சம் இளகும். மச்சான் மூட்டை ஏற்றி ஓடிவிட்டுக் கொண்டுபோனபோது அவர் அதற்குக் காசே வாங்கவில்லை.